பவச்சக்கரத் தங்கா: காசு கொடுக்கும் முன் வெளிவட்டத்தைப் படியுங்கள்

காத்மாண்டுவில் போதா ஸ்தூபியைச் சுற்றி வந்தால் கடைக்குக் கடை பவச்சக்கரத் தங்கா தொங்கும்: பிறவிச் சுழற்சியைச் சக்கரமாகக் காட்டும் பௌத்தத் துணி ஓவியம். கோரைப்பல் தெரிய ஓர் உருவம் பெரிய சக்கரத்தைக் கையாலும் காலாலும் கவ்விப் பிடித்திருக்கும். வினை, மறுபிறப்பு பற்றிய அடிப்படைப் பாடம் முழுவதும் அந்த ஒரு துணிக்குள் இருக்கிறது. மடத்து வாசலில் இதை வரைய வேண்டும், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு பிக்குவையும் அமர்த்த வேண்டும் என்பது பழைய வினய (துறவியர் ஒழுக்க நூல்) விதி. அஜந்தா 17ஆம் குகையின் முகப்புச் சுவரில் சிதைந்த நிலையில் ஒன்று இன்னும் இருக்கிறது. ஆகவே படம் பாடமாகத் தேறுகிறதா என்பதே முதல் கேள்வி. தங்கப் பூச்சையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நடுவில் பன்றி, சேவல், பாம்பு. முறையே அறியாமை, ஆசை, வெறுப்பு. சேவலும் பாம்பும் பன்றியின் வாயிலிருந்து வெளிவர வேண்டும். இல்லையென்றால் மூன்றும் ஒன்றன் வாலை ஒன்று கவ்வியிருக்க வேண்டும். தனித்தனியாக மேய்வதுபோல் வரைந்திருந்தால் வரைந்தவருக்குப் பொருள் தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்த வளையம் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. வெள்ளையில் மேலே ஏறுகிறார்கள், கறுப்பில் தலைகீழாக இழுபடுகிறார்கள். இறப்புக்கும் அடுத்த பிறப்புக்கும் இடைப்பட்ட நிலை என்று இதைச் சிலர் விளக்குவதுண்டு. திபெத்திய மரபில் அது அதிகபட்சம் 49 நாள். இலங்கை, தென்கிழக்காசியாவின் தேரவாத மரபில் அப்படி ஓர் இடைநிலையே கிடையாது.

அதற்கு வெளியே ஆறு உலகங்கள்: தேவர், அசுரர், மனிதர், விலங்கு, பிரேதம் (பசியால் வாடும் ஆவி), நரகம். அவற்றில் கண் வைக்க வேண்டிய இடம் ஒரு மரம். வேர் அசுரர் பக்கம், பழம் தேவர் பக்கம். அசுரன் ஒருவன் கோடரியால் அடிமரத்தை வெட்டிக்கொண்டிருப்பான். பொறாமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவசர வேலையில் முதலில் காணாமல் போவதும் இந்த மரம்தான். பிரேதங்களுக்குப் பெருவயிறும் ஊசிக் கழுத்தும் இருக்கிறதா, நரகத்தில் நெருப்போடு பனியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். தேவரையும் அசுரரையும் ஒரே கட்டத்தில் வைத்து ஐந்து பிரிவாக வரைவதும் மரபுதான், பிழையல்ல.

உண்மையான சோதனை வெளிவட்டத்தின் பன்னிரண்டு படங்கள், ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறவியைத் தொடர வைக்கும் பன்னிரண்டு கண்ணிகள். தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு: மணிமேகலையின் கடைசிக் காதை இந்தப் பன்னிரண்டுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறது. குருடரைத் தேடிப் பிடியுங்கள், அதுதான் பேதைமை. அங்கிருந்து வலஞ்சுழியாகப் போனால் பானை வனையும் குயவன் செய்கை, குரங்கு உணர்வு, படகில் போகிறவர்கள் அருவுரு (மனமும் உடலும்), ஆறு சன்னல் கொண்ட வெற்று வீடு வாயில் (ஆறு புலன்கள்), தழுவும் இருவர் ஊறு (தொடுகை), கண்ணில் அம்பு தைத்தவன் நுகர்வு (இன்ப துன்ப உணர்ச்சி), மது குடிப்பவன் வேட்கை, பழம் பறிப்பவன் பற்று, கர்ப்பிணி பவம் (அடுத்த பிறவி உருவாவது), பிரசவம் தோற்றம், பிணம் சுமப்பவன் வினைப்பயன் (மூப்பு, சாவு). சிறிய படங்களில் குரங்கும் பழம் பறிப்பவனும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். பவத்துக்கும் ஒரு ஜோடியை வரைந்துவிட்டால் ஊறு எது, பவம் எது என்று குழம்பும். முக்கியமான மூட்டு அம்புக்கும் மதுக் கிண்ணத்துக்கும் இடையில் இருக்கிறது. நுகர்வு முன்வினையால் வருவது, தடுக்க முடியாது. அது வேட்கையாக மாறாமல் அறுக்க முடியும். அந்த இரண்டு கட்டமும் தெளிவாக இல்லாத தங்காவை எடுக்காதீர்கள். ஒன்றரை அடி அகலத்துக்குக் கீழே போனால் பெரும்பாலும் தெளிவாக இருக்காது.

சக்கரத்தைப் பிடித்திருப்பவரை "எமதர்மன், பாவிகளைத் தண்டிக்கிறார்" என்று கடையில் சொல்லி விற்பார்கள். அவர் நிலையாமை, தேவலோகமும் அவர் பிடிக்குள்தான் இருக்கிறது. பௌத்தத்தில் வினை என்பது சேதனை, அதாவது மனம் வைத்துச் செய்வது. பலன் தர நீதிபதி தேவையில்லை. நரகக் கட்டத்தில் தனியாக ஒரு யமன் உண்டு, கையில் கண்ணாடி, பக்கத்தில் வெள்ளை, கறுப்புக் கற்களை நிறுக்கும் ஆள். கண்ணாடியில் தெரிவது செய்தவன் செயல்தான். சக்கரத்துக்கு வெளியே, மேல் மூலையில், நிலவைச் சுட்டிக்காட்டும் புத்தர் இருக்க வேண்டும். அவர் இல்லாத படத்தில் வெளியேறும் வழியே இல்லை!

தரத்துக்கு வருவோம். அச்சு, ஸ்டூடண்ட் ஒர்க், மாஸ்டர் ஒர்க் என்று பிரித்துச் சொல்வார்கள். அச்சின் மேல் தூரிகை ஓட்டிக் கைவேலை என்று தள்ளுவதும் நடக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தால் கோட்டுக்கு அடியில் வண்ணப் புள்ளிகள் தெரிந்துவிடும். மரபான தங்காவில் பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தோல் பசையில் குழைத்த வெள்ளை மண் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து, அதன் மேல் கனிம வண்ணங்களை அதே பசையில் கலந்து தீட்டுவார்கள். பித்தளைத் தூள் பூசிய "தங்கம்" நாளாவட்டத்தில் கறுக்கும், நிஜத் தங்கம் கறுக்காது. எங்கள் கணக்கில் ஸ்டூடண்ட் ஒர்க்தான் நட்டம்: விலை கைவேலைக்கு, பன்னிரண்டு படமும் மங்கல். பாடம் படிக்க வேண்டுமென்றால் பெரிய அச்சுப் படமே மேல்.

தோல் பசை தண்ணீரில் கரையும். ஆகவே கடையில் எச்சில் விரலால் தேய்த்துப் பார்க்காதீர்கள், வீட்டில் ஈரத்துணி வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். அடிக்கடி சுருட்டி விரித்தால் குறுக்கே வரிவரியாக வெடிக்கும். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் பூஞ்சை பிடிக்கும், எனவே வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். கண்ணாடி போட்டால் ஓவியத்தில் ஒட்டாதபடி இடையில் சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். விளக்கு, ஊதுபத்திக்கு நேர் மேலே வேண்டாம். எண்ணெய்ப் புகை படிந்தால் குயவனும் குரங்கும்தான் முதலில் மறைவார்கள்.