வாங்காமல் திரும்பி வர எந்தக் கடை தேவலாம்?

எந்தக் கடையில் விலை குறைவு என்று சொல்ல வேலூரில் ஆள் நிறைய உண்டு. நான் பார்க்க நினைப்பது வேறு. ஒரு பொருள் மேல் ஆசை வருகிறது, எடுத்துப் பார்க்கிறோம், விலை கேட்கிறோம், வைத்துவிட்டு வருகிறோம். இதற்கு எந்தக் கடை தோது? மாசக் கடைசியில் பர்ஸ் தப்புவது பேரத்தால் இல்லை, இதனால்தான்.

முதலில் நேதாஜி மார்க்கெட்டும் லாங் பஜாரும். மளிகைக் கடையில் எதையும் வாய் திறந்து கேட்டால்தான் கைக்கு வரும். "முந்திரி அரைக் கிலோ" என்று ஆரம்பிக்கும்போதே நமக்கே கொஞ்சம் அதிகமாகப் படும். "வேணாம்ணா, நூறு கிராம் போடுங்க" என்று மாற்றிக்கொள்வோம். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஆசையைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருப்பதே பெரிய தடை.

காய்கறிப் பக்கம்தான் சிக்கல். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் குவித்திருப்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்க் காய். காம்பு முள் விரலில் குத்தாமல் பொறுக்குவதே தனிக் கலை. பொறுக்கி எடுத்து, விலை கேட்டு, திரும்ப வைத்தால் தீர்ந்தது: "இன்னாம்மா, காலங்காத்தால எடுத்துட்டு வெச்சிட்டுப் போறியே, இன்னும் போணிகூட ஆவல." அந்த ஒரு வார்த்தைக்காகவே வேண்டாத கால் கிலோவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். போணி ஆன பிறகு, சாவகாசமாகப் பத்து மணிக்கு மேல் போனால் இந்தத் தொல்லை இல்லை. "அப்புறம் வர்றேன்" என்றால் விட்டுவிடுவார்கள். வர மாட்டோம் என்று அவர்களுக்கும் தெரியும்.

சூப்பர் மார்க்கெட்டில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எடுக்கலாம், வைக்கலாம். ஆனால் என் கணக்கில் வாங்காமல் வருவதற்கு மோசமான இடம் இதுதான். கேட்கத் தேவையில்லாததால் கை பாட்டுக்குக் கூடையில் போடுகிறது. போதாததற்கு வேலூர் வெயில். மே மாதத்தில் ஏ.சி. காற்றுக்காகவே உள்ளே போய், இன்னொரு சுற்று சுற்றி, பில் போடும்போது முழிக்கிறவர்கள் உண்டு. ஒரே ஒரு நல்லது: பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராம் என்ன விலை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கண்ணாடி மாட்டிக்கொண்டாவது அதைப் பாருங்கள். 'சேவர் பேக்' என்று கொட்டை எழுத்தில் போட்டது சின்ன பாக்கெட்டைவிட கிராமுக்கு அதிகமாக இருப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடித்தால் ஆசை தானாக அடங்கும்.

அடுத்தது போன். கார்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கினால் மறுநாள் காலை பாதி ஆசை போய்விடுகிறது. அந்த மட்டில் போன் நல்லது, யாரிடமும் சாக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் அது சும்மா விடுவதில்லை. "உங்கள் பொருள் காத்திருக்கிறது", "இன்னும் இரண்டுதான் பாக்கி" என்று நாள் முழுக்க நச்சரிக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலே கூடையில் இன்னொன்றைச் சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது எல்லாம் அதில் வருகிறது. கடைசியில் சொன்னதை லாங் பஜாரில் அமல்படுத்தினால் வியாபாரமே நடக்காது, அது வேறு விஷயம். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டால் நாலு கடைகளில் போன்தான் சாது.

நாலாவது பட்டுக் கடை. அதிலும் ஆரணிக்கே போய் எடுப்பது. பட்டுக்குப் பேர்போன ஆரணி 1989-லேயே நம்மை விட்டுத் திருவண்ணாமலை மாவட்டத்தோடு போய்விட்டது, ஷூவுக்குப் பேர்போன ஆம்பூர் 2019-ல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. நமக்கு என்னவோ புடவையும் ஷூவும் இன்னும் நம்ம ஊர்ச் சரக்குதான். பட்டுக் கடையில் ஆபத்து மரியாதையில் இருக்கிறது. வெள்ளை விரிப்பில் உட்கார வைத்து, காபி வேண்டுமா என்று கேட்டு, "பாக்கறதுக்குக் காசா, பாருங்கம்மா" என்று ஒவ்வொன்றாக உதறி விரிப்பார்கள். அரக்கு, கத்திரிப்பூ, எம்.எஸ். ப்ளூ என்று முழங்கால் உயரத்துக்குக் குவிந்த பிறகு எழுந்து வர யாருக்கு மனசு வரும்? அத்தனையையும் அந்தப் பையன்தானே மடிக்கணும் என்று தோன்றும். "வீட்ல கலந்துட்டு வர்றோம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் வழி. அதையும் மூன்றாவது புடவைக்குள் சொல்லிவிட வேண்டும். உள்ளே போனதுமே நம் பட்ஜெட்டைச் சொல்லி, சுத்தப் பட்டு என்பதற்கான சில்க் மார்க் லேபிள் இருக்கிறதைக் காட்டுங்கள் என்றால் விரிப்பதும் குறையும், குற்ற உணர்ச்சியும் குறையும். முகூர்த்தம் எதுவும் இல்லாதபோது சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் போகாதீர்கள்.

ஆக, தினசரிச் சாமானுக்கு என் ஓட்டு மார்க்கெட்டுக்கு. ஆசைப் பொருளுக்குப் போன்.

ஷூவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. போட்டுப் பார்க்காமல் போனில் வாங்கினால் திருப்பி அனுப்புகிற வேலைதான் மிச்சம். ஆம்பூர்ப் பக்கம் ஹைவேயில் எக்ஸ்போர்ட் சரக்கு என்று போர்டு வைத்த கடைகளில் ஏறி இறங்கலாம். வாங்காவிட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள், பஸ்காரர்கள் வந்து போகிற இடம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதனால் 2,600 ரூபாய் ஷூவை ஆசையோடு பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுங்கள், பக்கத்திலேயே கொஞ்சம் குறைந்த விலையில் ஒன்று இருக்கும். போவதாக இருந்தால் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்து கால் லேசாக வீங்கியிருக்கும், அளவு சரியாகத் தெரியும்.