சில்வராடோவை கால் மைலுக்குத் தயார் செய்ய: நைட்ரஸா, சூப்பர்சார்ஜரா, டர்போவா?

அமெரிக்காவில் கால் மைலை நேர்கோட்டில் யார் முதலில் கடப்பது என்று பார்க்கும் டிராக் ரேஸுக்கென்று பழைய பிக்கப் தேடுகிறவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது 1999 முதல் 2007 வரை வந்த ஷெவர்லே சில்வராடோவில்தான். அதிலும் ஒற்றைக் கேபின், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி குட்டையாக இருக்கும் வண்டிக்குத்தான் கிராக்கி, ஏனென்றால் அந்த வரிசையிலேயே எடை குறைந்தது அதுதான். உள்ளே 5.3 லிட்டர் வி8, இரும்பு பிளாக், ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன். எஞ்சின் போனால் காயலான் கடையில் இன்னொன்று கிடைக்கும். ஆனால் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டினால் கால் மைலை 15 விநாடிக்குள் முடிப்பதே பாடு.

பவர் ஏற்ற மூன்று வழி இருக்கிறது: நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை எஞ்சினுக்குள் பாய்ச்சலாம், அல்லது சூப்பர்சார்ஜரோ டர்போவோ வைத்துக் கூடுதல் காற்றை உள்ளே திணிக்கலாம். எதை எடுத்தாலும் பிக்கப்புக்கே உரிய தலைவலி ஒன்று கூடவே வரும்: எடையெல்லாம் முன்னால், பின்னால் காலித் தொட்டி, தள்ள வேண்டியதோ பின் சக்கரம். டயர் பிடிக்காவிட்டால் எத்தனை குதிரை இருந்தும் புகைதான் மிச்சம். அதனால் எந்த வழியில் பவரை நம் இஷ்டத்துக்கு மெதுவாக அவிழ்த்துவிட முடிகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கையில் காசு குறைவு என்றால் நைட்ரஸ். சில நூறு டாலரில் ஆரம்பிக்கலாம், ஒரு வாரக் கடைசியில் மாட்டிவிடலாம், பட்டனைத் தொடாதவரை அது சாதாரண வண்டிதான். 100 குதிரை கூட்டும் அளவுக்கு வாயுவை விடும் ஜெட் (சின்ன துளை) போட்டால் பத்து பவுண்டு பாட்டிலில் ஏழெட்டு ஓட்டம் வரும், அப்புறம் நிரப்ப அலைய வேண்டும். பாட்டிலின் அழுத்தம் 900-1000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில் நிற்க வேண்டும். குளிர்ந்து இறங்கினால் ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் மாறும். பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலும் பிஸ்டன் உருகிவிடும் என்பதால் பெட்ரோலும் சேர்ந்து பாயும் ‘வெட்’ கிட்தான் நல்லது. கிளம்பின உடனே அமுக்காமல், டயர் பிடித்தபின் அமுக்கினால் போதும். அந்த வகையில் பிக்கப்புக்கு இது ஒத்துவரும்.

சூப்பர்சார்ஜர் பிடித்தவர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, இந்த வேலைக்கு மூன்றில் எனக்குக் கடைசி இடம் அதற்குத்தான். எஞ்சின் மேலேயே உட்காரும் ரூட்ஸ், ட்வின்-ஸ்க்ரூ வகைகள் காலை வைத்த கணமே முழு டார்க்கையும் (சுழற்றும் விசை) கொடுக்கும். தெருவில் அது சுகம், காலித் தொட்டி வைத்த பிக்கப்பில் கிளம்பும்போது அதுவே வினை. சுற்றுவதற்கு எஞ்சினிடமிருந்தே பெல்ட் வழியாகப் பவரைப் பிடுங்கிக்கொள்ளும். சூடும் சேர்ந்துகொண்டே போகும், அதனால்தான் இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு மேல் ஐஸ் மூட்டை வைக்கிற ஆட்களை எந்த ரேஸ் களத்திலும் பார்க்கலாம். விலையும் ஆயிரக்கணக்கான டாலர். தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டி, எப்போதாவதுதான் ரேஸ் என்றால் அது வேறு கதை, அப்போது தாராளமாக வாங்கலாம்.

டர்போவுக்குத்தான் என் ஓட்டு. வீணாகப் போகிற புகையில் சுற்றுகிறது, பூஸ்டை (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) கன்ட்ரோலர் வைத்து விநாடிக்கு விநாடி ஏற்றலாம். எஞ்சின் வேகமாகச் சுற்றினாலும் வண்டியை நகரவிடாத, ஸ்டால் அதிகமான டார்க் கன்வெர்ட்டரும், பட்டனை அமுக்கியிருக்கும்வரை கியர்பாக்ஸைப் பூட்டி நிறுத்தும் டிரான்ஸ்பிரேக்கும் இருந்தால் விளக்கடியில் நின்றபடியே நாலைந்து பிஎஸ்ஐ கட்டிக்கொண்டு, பச்சை விழுந்ததும் பட்டனை விட்டு, டயர் பிடித்தபின் மீதியைத் திறந்துவிடலாம். டர்போ தாமதமாக எழும் என்ற பழைய புகார் ஆட்டோமேட்டிக் கியரில் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. சிரமம் குழாய் வேலையில்தான்: வெல்டிங், ஆயில் லைன், வயரை எல்லாம் சூட்டிலிருந்து மறைப்பது. பெரிய இன்ஜெக்டரும் பம்பும் தேவை. காயலான் கடை எஞ்சினில் நிறைய பூஸ்ட் ஏற்றுவதாக இருந்தால் பிஸ்டனைக் கழற்றி ரிங் இடைவெளியை அரத்தால் கொஞ்சம் கூட்டிவிடுங்கள். சூட்டில் ரிங் விரிந்து இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும்.

எதைப் போட்டாலும் அடுத்து உடைவது வண்டியோடு வரும் 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அதன்பின் பின்னால் இருக்கும் பத்து போல்ட் ஆக்சில். அதைவிட வலுவான 4எல்80இ கியர்பாக்ஸுக்கு மாறுகிறவர்களுக்குக் கூடுதல் லாபம் ஒன்று உண்டு: முதல் கியரின் விகிதம் 3.06-இலிருந்து 2.48 ஆகிறது, டயர் சுற்றுவது தானாகக் குறையும். லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ஆக்சில் குதிப்பதை நிறுத்த டிராக்ஷன் பார் என்ற கம்பி, அதோடு நன்றாகப் பிடிக்கும் டிராக் ரேடியல் டயர். இந்த இரண்டையும் பவருக்கு முன்னாலேயே வாங்குங்கள். தொட்டியில் மணல் மூட்டை போடும் யோசனை வேண்டாம், இறுக்கிக் கட்டாத பாரத்தை ரேஸுக்கு முந்தைய பரிசோதனையிலேயே இறக்கச் சொல்வார்கள். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ-வின் விதிப்படி இந்த வயது வண்டி கால் மைலில் 11.49 விநாடியைத் தொட்டால், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் கட்டாயம், 9.99-க்கு முழுக் கூண்டு. டர்போ போட்டவருக்கு முதல் எல்லை சீக்கிரமே வந்துவிடும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.