செத்தால் முதலிலிருந்து: நான்கு ரோக்லைக் ஆட்டங்கள், நான்கு விதத் தோல்விகள்

ஹேடிஸ், டெட் செல்ஸ், ஸ்லே தி ஸ்பையர், பலாட்ரோ நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சிலருக்கு ஒவ்வாது. முதல் இரண்டும் கைவேகம் கேட்பவை, பின்னிரண்டும் சீட்டாட்டம். ஆனாலும் நான்கும் 1980இல் வந்த ரோக் என்ற கணினி விளையாட்டின் வாரிசுகள்தான். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அறைகளும் எதிரிகளும் கைக்கு வரும் பொருட்களும் மாறும்.

வாங்குமுன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். இருபதாவது ஆட்டத்தில் முதல் ஆட்டத்தைவிடத் தூரம் போகிறீர்கள் என்றால், தேறியது நீங்களா, உங்கள் கதாபாத்திரமா? என் வரிசை அதை வைத்துத்தான்: ஸ்லே தி ஸ்பையர், பலாட்ரோ, டெட் செல்ஸ், கடைசியில் ஹேடிஸ். கடைசி என்பதால் மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகைக்குப் புதிதாக வருபவர் கையில் நான் முதலில் கொடுப்பது ஹேடிஸைத்தான்.

சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் 2020 செப்டம்பரில் ஹேடிஸை முழுமையாக வெளியிட்டது. பாதாள லோக அதிபதியின் மகன் சாக்ரியஸ் வீட்டைவிட்டு ஓடப் பார்க்கிறான். டார்டரஸ், ஆஸ்ஃபடல், எலிசியம் கடந்து ஸ்டிக்ஸ் கோயில் வழியாக வெளியேற வேண்டும். வழியில் ஒலிம்பியக் கடவுளர் வரம் தருவார்கள். செத்தால் ரத்தக் குளத்திலிருந்து எழுந்து வீட்டுக்கே திரும்புவான். அங்கே ஆளாளுக்கு அவன் செத்த கதையைக் கேலி பேசுவார்கள், கதையும் ஒரு படி நகரும். தோற்ற எரிச்சல் தெரியாமல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வைப்பதில் மற்ற மூன்றும் இதன் அருகில் வர முடியாது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் உயிர் 50. நிரந்தர மேம்பாடு தரும் இரவுக் கண்ணாடியில் செலவழிக்கச் செலவழிக்க அது 100 வரை ஏறும். செத்ததும் பாதி உயிரோடு எழும் வாய்ப்பு மூன்று சேரும். முதுகில் அடித்தால் கூடுதல் சேதம் 50% வரை போகும். முப்பதாவது முறை புறப்படும் சாக்ரியஸ் முதல் நாள் சாக்ரியஸே இல்லை. அதுவும் போதாதவர்களுக்குக் காட் மோட் இருக்கிறது: வாங்கும் அடியில் 20% குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2% குறைந்து 80%இல் நிற்கும். கதைக்காக விளையாடுபவர்கள் இதைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். சவாலுக்காக வந்தவர்களுக்குத்தான் சிக்கல்: ஜெயித்தது கையா கண்ணாடியா என்று சொல்ல முடியாது. முதல் வெற்றிக்குப் பின் திறக்கும் தண்டனை ஒப்பந்தத்தில் நீங்களே கடினத்தை ஏற்றிக்கொண்டால்தான் ஆட்டம் மறுபடி இறுகும்.

புதியவர்கள் இதில் செய்யும் தவறு, கண்ணில் பட்ட வரத்தையெல்லாம் வாங்குவது. சாதாரண அடி, சிறப்பு அடி இரண்டில் எதை நம்பிப் போகிறோம் என்று முதல் நான்கைந்து அறைக்குள் முடிவாக வேண்டும். மெதுவாக ஓங்கி அடிக்கும் ஆயுதத்துக்கு அஃப்ரொடைட்டி போலச் சேதத்தைச் சதவீதத்தில் கூட்டும் வரம் பொருந்தும். துப்பாக்கி, முட்டிக் கையுறை போலப் படபடவென்று அடிப்பவற்றுக்கு ஜீயஸின் மின்னல் போல ஒவ்வொரு அடிக்கும் நிலையான சேதம் சேர்ப்பதுதான் லாபம். அதீனா தரும் பரிசுப் பொருளை மாட்டிக்கொண்டு புறப்பட்டால் முதல் வரம் அவளுடையதாகவே வரும். அதில் பாய்ச்சலுக்கான வரம் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள், எதிரி எய்வதெல்லாம் திரும்பி அவன் மேலேயே பாயும். எலிசியத்தின் முடிவில் தீசியஸ், ஆஸ்டீரியஸ் இருவரும் சேர்ந்து வரும்போது முதலில் காளைத்தலையனை முடிக்க வேண்டும். தீசியஸை முன்னிருந்து அடித்தால் கேடயத்தில்தான் படும், முதுகுப் பக்கம் போக வேண்டும். ஸ்டிக்ஸ் கோயில் மட்டும் எத்தனை முறை போனாலும் சலிப்பு. ஐந்து சுரங்கங்களில் எதில் காவல் நாய்க்குக் கொடுக்க வேண்டிய மூட்டை இருக்கிறது என்று தேடுவதில் திறமைக்கு வேலையே இல்லை.

டெட் செல்ஸ் அதற்கு நேர் எதிர். பிரான்சின் போர்தோ நகரத்து மோஷன் ட்வின் குழு 2018 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்டது. பக்கவாட்டில் ஓடிக் குதித்து வெட்டும் ஆட்டம். இங்கும் எதிரிகளைக் கொன்று சேர்க்கும் செல்களைக் கொடுத்து ஆயுதங்களையும் மருந்துக் குடுவையின் கொள்ளளவையும் நிரந்தரமாகத் திறக்கலாம், ஆனால் அடிப்படை உயிர் ஏறாது. செலவழிக்காத செல்கள் செத்தால் போச்சு.

வழியில் கிடைக்கும் சுருள்களுக்குச் சிவப்பு, ஊதா, பச்சை என்று மூன்று நிறம். அந்தந்த நிற ஆயுதத்தின் வலு ஒவ்வொரு சுருளுக்கும் முந்தைய வலுவின் மேல் பெருகிக்கொண்டே போகும். அதனால் மூன்றிலும் சமமாகப் போடுவதைப் போல ஆட்டத்தைக் கெடுக்கும் பழக்கம் வேறில்லை. இரண்டாம் இடம் போவதற்குள் நிறத்தை முடிவு செய்து எல்லாவற்றையும் அதிலேயே கொட்டுங்கள், பிறகு அந்த நிறம் அல்லாத ஆயுதம் எவ்வளவு மினுக்கினாலும் தொடாதீர்கள். இன்னொன்று: அடிபட்டவுடன் இழந்த உயிரில் ஒரு பகுதி ஆரஞ்சு நிறத்தில் சில நொடி நிற்கும், அதற்குள் திருப்பி அடித்தால் அது திரும்ப வரும். அடி வாங்கியதும் பின்வாங்குவது இயல்பு, இந்த ஆட்டம் அந்த இயல்பையே தண்டிக்கிறது. சாபப் பெட்டியைத் திறந்தால் 10 எதிரிகளைக் கொல்லும்வரை ஒரே அடியில் சாவு. அடுத்துப் பத்துப் பேராவது எதிரே இருக்கிறார்களா என்று பார்க்காமல், இடத்தைத் துடைத்துவிட்டுக் கடைசியில் பெட்டியைத் திறப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

பாஸ் செல் ஒவ்வொன்றாகப் போட்டுக் கடினத்தை ஐந்து படி ஏற்றலாம், ஏற ஏறக் குடுவை நிரப்பும் இடங்கள் குறையும். மூன்றாம் படிக்கு மேல் விரல் வேகம் இல்லாதவருக்கு இது கசந்துவிடும், அறிவு உதவாது. இதனால்தான் என் வரிசையில் சீட்டாட்டங்களுக்குக் கீழே இருக்கிறது.

இனி ஸ்லே தி ஸ்பையர். மெகா கிரிட்டின் இந்த ஆட்டம் 2019 ஜனவரியில் முழுமை பெற்றது. சீட்டுக் கட்டைக் கட்டிக்கொண்டே கோபுரம் ஏறும் ஆட்டங்கள் இன்று கூட்டமாக வருவதற்கு இதுதான் காரணம். அயர்ன்கிளாட் என்ற வீரன் 80 உயிரோடும் 10 சீட்டோடும் தொடங்குவான்: 5 ஸ்ட்ரைக், 4 டிஃபெண்ட், 1 பேஷ். சுற்றுக்கு 5 சீட்டு, 3 ஆற்றல். எதிரி இந்தச் சுற்றில் என்ன செய்யப் போகிறான், எத்தனை அடி என்பது அவன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும். வரைபடத்தில் எந்த வழியில் கடை, எங்கே கூடாரம், உச்சியில் எந்தப் பெரிய எதிரி என்பதும் முன்கூட்டியே தெரியும். மறைத்து வைத்து ஏமாற்றுவது கிட்டத்தட்ட இல்லை. செத்தால், மூன்று தளத்துக்கு முன்னால் எடுத்த ஒரு முடிவு பெரும்பாலும் கண்ணுக்கு எதிரே வந்து நிற்கும்.

கிரெம்லின் நாப் இதற்கு நல்ல சான்று. முதல் பகுதியில் வரும் எலீட் எதிரி (சாதா எதிரியைவிட வலுவானவன்), 82 முதல் 86 உயிர். முதல் சுற்றில் கத்துவான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்கள் டிஃபெண்ட் போன்ற ஸ்கில் வகைச் சீட்டு போடும் ஒவ்வொரு தடவையும் அவன் வலிமை 2 கூடும், குறையவே குறையாது. அவன் 14 அடிக்கத் தயாராகிறான், நீங்கள் இரண்டு டிஃபெண்ட் போட்டு 10 தடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதே சுற்றிலேயே 14 என்பது 18 ஆகிவிடும், 8 உள்ளே வரும். காப்பாற்றியது வெறும் 6. அதற்கு விலை, இனி வரும் அடி ஒவ்வொன்றிலும் கூடுதலாக 4, அதோடு இரண்டு ஸ்ட்ரைக் போட்டிருந்தால் அவனுக்கு விழுந்திருக்கும் 12. தற்காத்துக்கொள்ளக் கற்றுக் கொடுத்த ஆட்டமே இங்கே தற்காப்பைக் குற்றமாக்குகிறது. விடை சண்டைக்குள் இல்லை. முதல் மூன்று சண்டைகளின் பரிசாக இரண்டு நல்ல தாக்குதல் சீட்டு எடுத்திருக்க வேண்டும், ஒரு மருந்து கையில் இருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் எலீட் இல்லாத வழியில் போயிருக்க வேண்டும். ஸ்கில் போடத்தான் வேண்டுமென்றால் அவன் கத்தும் முதல் சுற்றிலேயே போட்டுவிடுங்கள், அப்போது தண்டனை கிடையாது.

அதே பகுதியின் முடிவில் வரும் ஸ்லைம் பாஸுக்கு 140 உயிர். பாதிக்கு வந்ததும் இரண்டாகப் பிளக்கும். பிளக்கும் நொடியில் மிஞ்சிய உயிர் எவ்வளவோ அதுவே ஒவ்வொரு துண்டுக்கும் போகும். ஆகவே 75 வாக்கில் அதை நிறுத்தி, பெரிய சீட்டுகள் கையில் சேர்ந்த சுற்றில் மொத்தமாகக் கொட்டி 40க்கு இறக்க வேண்டும். 71இல் விட்டுவிட்டு அடுத்த சுற்றில் ஒரு சின்ன அடியில் 65 ஆக்கினால், எதிரே இரண்டு 65 நிற்கும்.

பரிசாக நீட்டும் மூன்று சீட்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய வியாதி. வேண்டாம் என்று நகர ஒரு பொத்தான் இருக்கிறது. கடையில் ஒரு சீட்டைக் கழிக்க 75 தங்கம், அடுத்த முறை 100, பிறகு 125. முதலில் கழிக்க வேண்டியது ஸ்ட்ரைக். கூடாரத்தில் 30% உயிர் ஏற்றிக்கொள்வதா, ஒரு சீட்டை மெருகேற்றுவதா என்றால், அடுத்த சண்டையில் செத்துவிடுவோம் என்ற நிலை இல்லாதவரை மெருகேற்றுங்கள். நிரந்தரச் சலுகை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, புதிய சீட்டுகளும் பொருட்களும் திறக்கும், அவ்வளவே. அதற்கு மேல் 20 அசென்ஷன் படிகள், ஒவ்வொன்றும் உங்களுக்கு எதிராக ஒரு விதி சேர்க்கும். இருபதாவது படியில் ஜெயித்தவர் ஆட்டத்தைக் கற்றவர், வேறு விளக்கமே கிடையாது.

பலாட்ரோவைச் செய்தவர் லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இயங்கும் ஒற்றை ஆள், 2024 பிப்ரவரியில் வெளியானது. ரம்மி தெரிந்த எவருக்கும் பத்து நிமிடத்தில் பிடிபடும். கையில் 8 சீட்டு, அதிலிருந்து ஐந்து வரை இறக்கி மதிப்பெண் சேர்க்க வேண்டும். ஒரே சாதியில் ஐந்து, வரிசையாக ஐந்து, ஜோடி என்று போக்கர் சேர்க்கைகள். சூதாட்டம் இல்லை, நிஜப் பணம் எங்கும் கிடையாது. ஐரோப்பாவில் இதற்கு 18 வயது முத்திரை குத்தி, பிறகு 2025இல் 12 ஆக இறக்கிய வேடிக்கையும் நடந்தது.

கணக்கு இப்படி. ஆட்டின் (ஹார்ட்ஸ்) சாதியில் ஏஸ், ராஜா, 9, 6, 2 இறக்குகிறீர்கள். ஒரே சாதிச் சேர்க்கைக்கு அடிப்படை 35 சிப், பெருக்கி 4. சீட்டுகளின் மதிப்பு 11, 10, 9, 6, 2 சேர்ந்து 38. ஆக 73ஐ 4ஆல் பெருக்க 292. முதல் இலக்கு 300, எட்டு குறைகிறது. ஜோக்கர் என்பது இங்கே கடையில் வாங்கி வைத்துக்கொள்ளும் சிறப்புச் சீட்டு. இப்போது பெருக்கியில் 4 கூட்டும் சாதா ஜோக்கர் இருந்தால் 73 பெருக்கல் 8, 584. கூடவே ஒரே சாதிச் சேர்க்கைக்குப் பெருக்கியை இரட்டிப்பாக்கும் ட்ரைப் ஜோக்கரும் இருந்தால்? ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்யும். கூட்டும் ஜோக்கர் இடப்பக்கம் இருந்தால் 4 கூட்டல் 4, பிறகு இரண்டு மடங்கு, பெருக்கி 16, மதிப்பெண் 1168. இடம் மாறியிருந்தால் 4 முதலில் 8 ஆகி, பிறகு 4 கூடி 12, மதிப்பெண் 876. அதே சீட்டு, அதே ஜோக்கர், 292 காணாமல் போகிறது. விரலால் இழுத்து இடம் மாற்ற ஒரு நொடி. இதைத் தெரியாமலே பல மணி நேரம் ஆடுபவர்கள் ஏராளம்.

பெரும்பாலோர் ஐந்தாம் ஆன்டி (எட்டுக் கட்டங்களில் ஐந்தாவது) பக்கம் கவிழ்வதற்கும் இதே கணக்குதான் காரணம். எளிய படியில் இலக்கின் அடிப்படை 300, 800, 2000, 5000, 11,000, 20,000, 35,000, 50,000 என்று ஏறும், ஒவ்வொரு ஆன்டியின் கடைசிச் சுற்றான பாஸ் பிளைண்டுக்குப் பொதுவாக அதில் இரண்டு மடங்கு. கூட்டும் ஜோக்கர்களை மட்டும் வைத்து நான்காவதுவரை ஓட்டலாம். அதற்கு மேல் பெருக்கும் ஜோக்கர் ஒன்றாவது இல்லாமல் வழியில்லை. பணத்தைப் பொறுத்தவரை, கையில் உள்ள ஒவ்வொரு 5 டாலருக்கும் சுற்று முடிவில் 1 டாலர் வட்டி, அதிகபட்சம் 5. ஆகவே 25 டாலரைத் தொடாமல் வைத்துவிட்டு அதற்கு மேல் உள்ளதைச் செலவழியுங்கள். முதல் ஆன்டியில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம், ஒரு ஜோக்கராவது வாங்கிவிடுங்கள்.

இரண்டு சீட்டாட்டத்தையும் பக்கத்தில் வைத்தால், ஸ்பையர் எல்லாக் கூட்டலையும் தானே போட்டுக் காட்டும், பலாட்ரோ சீட்டை இறக்கும்வரை மொத்தத்தைச் சொல்லாது. எண்கள் தீப்பிடித்து ஏறுவதைப் பார்க்கும் போதை அந்த மறைப்பிலிருந்துதான் வருகிறது. ஆனால் பலாட்ரோவில் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுதல். ஆட்டின் சாதியையே நம்பிக் கட்டிய கட்டை, அந்தச் சாதியைச் செல்லாக்காசாக்கும் ஹெட் பாஸ் வந்து படுக்க வைக்கும். அது வரப்போவது ஆன்டியின் தொடக்கத்திலேயே தெரியும் என்றாலும், இரண்டு கடையில் சரியான மாற்று கிடைக்க வேண்டுமே. கடைசி ஆன்டியில் வயலட் வெஸல் என்ற பாஸ் வந்தால் இலக்கு 1 லட்சம் இல்லை, 3 லட்சம். ஸ்பையரில் இப்படி நியாயமே இல்லாத சாவு அரிது.

ஒரு முழு ஆட்டத்துக்கு ஹேடிஸும் பலாட்ரோவும் அரை மணி, முக்கால் மணி கேட்கும், டெட் செல்ஸ் கொஞ்சம் கூட, ஸ்பையர் ஒரு மணியைத் தாண்டும். பேருந்தில் ஆட பலாட்ரோ, ஸ்பையர் இரண்டும் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு, ஆனால் சின்னத் திரையில் ஸ்பையரின் எழுத்து கண்ணைப் பிடுங்கும். டெட் செல்ஸ் போனில் தானாக அடிக்கும் வசதியோடு வருகிறது, இருந்தும் கன்ட்ரோலர் இணைக்காமல் இரண்டாம் பாஸ் செல்லைத் தாண்டுவது பெரும்பாடு. நான்கிலும் தமிழ் கிடையாது. ஹேடிஸில் பேச்சு அதிகம் என்பதால் ஆங்கிலம் கொஞ்சம் சரளமாக வேண்டும், மற்ற மூன்றுக்கும் ஐம்பது சொல் போதும். நிறுவியதும் ஸ்பையரில் ஃபாஸ்ட் மோடைப் போடுங்கள். பலாட்ரோவில் வேகத்தை 4 ஆக்கி, சீட்டு நிறத்தை ஹை கான்ட்ராஸ்டுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஆட்டினும் டைமனும் ஒரே சிவப்பாகத் தெரிந்து, நான்கு ஆட்டினோடு ஒரு டைமனை இறக்கிவிட்டு ஏன் சேர்க்கை விழவில்லை என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.