ஸ்லைடிங் ஜன்னலுக்கு எந்த லாக்: டச் லாக்கா, கிரசென்டா, மல்டி பாயிண்டா?

சென்னையிலும் கோவையிலும் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் மரச்சட்டமும் டவர் போல்ட்டும் போட்ட ஜன்னலைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. அலுமினியமோ, யூபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கோ, பெரும்பாலும் தள்ளித் திறக்கிற ஜன்னல்தான். கண்ணாடி எத்தனை எம்எம், கொசு வலை நைலானா ஸ்டீலா என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள்கூட, லாக் என்று வந்தால் "நல்லதாப் பார்த்து நீங்களே போட்ருங்க" என்று ஜன்னல் செய்து மாட்டும் ஃபேப்ரிகேட்டரிடம் விட்டுவிடுகிறார்கள். அவர் தன் கையிருப்பில் உள்ளதைப் போட்டுவிட்டுப் போவார். அந்த ஜன்னலில் தினமும் கை படுகிற பொருளே அதுதான்.

கடையில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

டச் லாக் என்பது ஷட்டரின், அதாவது தள்ளுகிற கண்ணாடிப் பலகத்தின், ஓரச்சட்டத்தில் பதிப்பது. உள்ளே ஒரு கொக்கி, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். ஷட்டரைத் தள்ளிச் சாத்தினால் கொக்கியின் சரிந்த மூக்கு ஃப்ரேமில் உள்ள கீப்பர் (கொக்கியைப் பிடித்துக்கொள்ளும் தகடு) மேல் ஏறி, தாண்டி, மாட்டிக்கொள்ளும். திறக்க பட்டனை அழுத்தியோ நகர்த்தியோ இழுக்க வேண்டும். சாத்தினாலே பூட்டிக்கொள்வதுதான் இதன் விற்பனை மந்திரம்.

கிரசென்ட் லாக், இரண்டு ஷட்டரும் சந்திக்கும் நடுச்சட்டத்தில் உட்காரும். பிடியைத் திருப்பினால் பிறை வடிவத் தகடு சுழன்று அடுத்த ஷட்டரில் உள்ள கீப்பருக்குள் நுழையும். நாம் திருப்பினால்தான் பூட்டும்.

மல்டி பாயிண்ட் பெரும்பாலும் யூபிவிசியிலும் விலை கூடிய அலுமினிய சிஸ்டங்களிலும் வரும். கைப்பிடியைத் திருப்பும்போது சட்டத்துக்குள் ஓடும் பட்டை நகர்ந்து, மேலும் கீழுமாக இரண்டு மூன்று இடங்களில் பிடிக்கும். இதுவும் தானாகப் பூட்டாது.

நான்காவது, கைப்பிடியோடு சேர்ந்த ஆட்டோ லாக். ஷட்டர் ஃப்ரேமில் போய் முட்டும்போது ஒரு சின்ன ஊசி உள்ளே அமுங்கும். அதுவரை இழுத்துப் பிடித்திருந்த ஸ்பிரிங் விடுபட்டுக் கொக்கியைத் தள்ளும், கைப்பிடியும் கூடவே பூட்டிய நிலைக்கு வந்துவிடும். நம் ஊர்ச் சாதாரணக் கடைகளில் இதைக் கேட்டால் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டியிருக்கும்.

மறதிக்கு மருந்து எது என்று மட்டும் கேட்டால் டச் லாக்குக்கு எதிரே கிரசென்ட் நிற்க முடியாது. மழை வருகிறது, ஐந்து ஜன்னலையும் ஓடி ஓடிச் சாத்த வேண்டும், ஒரு கையில் குழந்தை. தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் டச் லாக்கின் பெரிய குறையும் அங்கேயே இருக்கிறது: பூட்டியிருக்கிறதா இல்லையா என்று அது காட்டாது. கிரசென்ட்டின் பிடி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும். மல்டி பாயிண்ட் கைப்பிடியும் அப்படித்தான். டச் லாக் பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் ஒரே முகம். 'டக்' என்று கேட்டதே என்பீர்கள். கொக்கி கீப்பரின் விளிம்பில் முட்டித் திரும்பினாலும் அதே 'டக்'தான் கேட்கும்.

கொக்கி ஏன் முட்டித் திரும்புகிறது? பெரும்பாலும் லாக்கின் குற்றமில்லை, ரோலரின் குற்றம். ஷட்டரின் எடை முழுவதும் அடியில் உள்ள இரண்டு சின்ன ரோலர்களில் நிற்கிறது. கண்ணாடி ஒரு எம்எம் கனத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 2.5 கிலோ எடை. இரண்டடிக்கு நாலடி ஷட்டரில் 5 எம்எம் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே 9 கிலோ வரும். சத்தம் வராமலிருக்க 6 எம்எம்மில் இரட்டைக் கண்ணாடி போட்டால் 22 கிலோ. ரோலர் தேயத் தேய ஷட்டர் இரண்டு மூன்று எம்எம் இறங்கும். ஃப்ரேமில் திருகிய கீப்பர் இறங்காது. அங்கேதான் கொக்கி தடம் மாறுகிறது. கிரசென்ட்டுக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு: கையால் திருப்புவதால், இறுக்கம் கூடும்போதே எங்கோ இடிக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். டச் லாக்கில் அந்தச் செய்தி யாருக்கும் போய்ச் சேராது.

இதற்கு வைத்தியம் எளிது. ஷட்டரின் அடிப்பக்க ஓரத்தில் சின்னத் துளை இருக்கும். பிளாஸ்டிக் மூடி போட்டும் இருக்கலாம். உயரம் சரிசெய்யும் வகை ரோலர் என்றால் அதற்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருப்பி ஷட்டரை உயர்த்தலாம். கீப்பரின் துளைகளும் நீள்வட்டமாக இருக்கும், தளர்த்தி நகர்த்திக்கொள்ளத்தான். டச் லாக் வாங்குகிறவர்கள் உயரம் சரிசெய்யும் ரோலரையும் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாத மலிவு ரோலரோடு டச் லாக் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, கிரசென்ட்டே மேல்.

இன்னொரு விஷயம், தள்ளும் வேகம். லேசான அலுமினிய ஷட்டரை வீசித் தள்ளினால், முட்டும் இடத்திலுள்ள ரப்பரில் பட்டுத் துள்ளித் திரும்பிவிடும், கொக்கி பிடிக்க நேரமிருக்காது. மெல்லத் தள்ளினால் ஓரத்தில் உள்ள கம்பளிப் பட்டை தடுத்து, கடைசி ஐந்து எம்எம் போகாது. தள்ளியபின் கையை எடுக்காமல் ஒரு அழுத்து அழுத்தி, பிறகு பட்டனைத் தொடாமல் திரும்ப இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் பூட்டியிருக்கிறது. தானாகப் பூட்டும் லாக்குக்கு இப்படி ஒரு பரீட்சை வைப்பது கேலிக்கூத்துதான், ஆனாலும் வேறு வழியில்லை.

காற்று, மழை பக்கம் வருவோம். இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டரைக் குறித்திருக்கிறது. கட்டடத்தின் உயரம், வடிவம் முதலியவற்றைச் சேர்க்காமல் கணக்குப் போட்டாலே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். மேலே சொன்ன இரண்டடிக்கு நாலடி ஷட்டருக்கு 110 கிலோவுக்கு மேல். இதைக் கேட்டதும் பலர் "அப்போ ஸ்ட்ராங்கான லாக்தான் வேணும்" என்பார்கள். ஸ்லைடிங் ஜன்னலில் காற்றின் சுமை லாக் மேல் விழுவதில்லை. மேல் டிராக், கீழ் டிராக், ஓரச்சட்டம் நுழையும் ஃப்ரேம் பள்ளம், நடுவில் இரண்டு ஷட்டரும் ஒன்றையொன்று கவ்வும் இன்டர்லாக், இவைதான் தாங்குகின்றன. இவற்றில் முதலில் வளைவது நடுச்சட்டம்; அதற்கு ஃப்ரேமின் துணை கிடையாது. அந்த நடுச்சட்டத்தில்தான் கிரசென்ட் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து இறுக்குகிறது. காற்றில் 'கடகட'வென்று ஆடுகிற பழைய இரண்டு டிராக் ஜன்னலில் கிரசென்ட்டை மாட்டியதும் ஆட்டம் குறைவது இதனால்தான். டச் லாக் ஓரத்தில் இருப்பதால் நடுவில் அதற்கு வேலையில்லை. மல்டி பாயிண்ட்டும் ஓரம்தான், ஆனால் மேல் கீழ் இரண்டு முனையையும் ஃப்ரேமுக்குள் இழுத்துப் பிடிப்பதால் அந்தப் பக்க இடைவெளி வழியாகத் தூசியும் ஹார்ன் சத்தமும் வருவது குறையும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது ஜன்னல் வழியே அறைக்குள் தண்ணீர் வந்த வீடுகள் சென்னையில் ஏராளம். லாக்கை மாற்றினால் அது நிற்காது. கீழ் டிராக்கில் உள்ள வடிகால் துளைகளில் மண் அடைத்திருக்கும். அதைக் குத்திச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

திருட்டுக்கு எதிரான பாதுகாப்பை நம் ஊரில் லாக்கை வைத்து யாரும் கணக்கிடுவதில்லை. கிரில் இருக்கிறது. கிரில் வேண்டாம், வெளிப்பார்வை கெடுகிறது என்று கம்பிவடம் கட்டும் இன்விசிபிள் கிரில்லுக்குப் போகிறவர்களும், எதுவுமே வேண்டாம் என்கிற வில்லாக்காரர்களும்தான் லாக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். அவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே வீடுகளில் ஸ்லைடிங் ஜன்னலும் கிரசென்ட் லாக்கும்தான் வழக்கம். திருடர்கள் கிரசென்ட் பக்கத்தில் கண்ணாடியைச் சின்னதாக உடைத்து, கையை விட்டுத் திருப்பிவிடுவார்கள். அதனால் கூடுதலாக இன்னொரு லாக் போடச் சொல்கிறார்கள். 2004 முதல், உடைக்க முயன்றால் குறைந்தது ஐந்து நிமிடம் தாங்கும் கதவு, ஜன்னல், கண்ணாடி வகைகளுக்குத் தனி முத்திரையும் இருக்கிறது. சாவி இல்லாத டச் லாக்கும் மல்டி பாயிண்ட்டும் இந்த விஷயத்தில் கிரசென்ட்டைவிட மேலானவை அல்ல: கண்ணாடி போனால் எல்லாமே போச்சு.

கண்ணாடியை உடைக்காமலும் ஒரு வழி உண்டு. ஸ்லைடிங் ஷட்டரை மாட்டுவதே மேல் பள்ளத்தில் தூக்கி நுழைத்து, கீழே டிராக்கில் இறக்கித்தான். அதே வழியில் கழற்றவும் முடியும். டச் லாக்கின் கொக்கி கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஷட்டரைத் தூக்கியதும் கழன்றுவிடும். மேல்நோக்கி இருந்தால் இன்னும் இறுகும். எதிரெதிராக இரண்டு கொக்கி உள்ள வகை இன்னும் நல்லது. எதைப் போட்டாலும் மேல் பள்ளத்தில் தூக்குத்தடைக் கட்டை ஒன்றைத் திருகச் சொல்லுங்கள். சில்லறைக் காசு வேலை. காசே இல்லாமல் செய்ய வேண்டுமானால் உள் டிராக்கில் அளவாக வெட்டிய ஒரு மரக்கட்டையைப் போடுங்கள், உள் ஷட்டர் அசையாது. வெளி ஷட்டருக்கு அது உதவாது.

கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெசன்ட் நகர், திருவான்மியூர், தூத்துக்குடி என்றால் முதலில் சாவது டச் லாக்கின் ஸ்பிரிங். கிரசென்ட்டில் வெளியே தெரியும் துரு இதில் உள்ளே நடக்கும். பட்டன் ஒருநாள் அமுங்கி, அப்படியே நின்றுவிடும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொன்னால் உடலா, ஸ்பிரிங்கா, ஸ்க்ரூவா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாலிப்டினம் கலந்த 316 உப்புக் காற்றை இன்னும் தாங்கும். ஐரோப்பியத் தரமான இஎன் 1670 குறித்திருந்தால், உப்புத் தெளிப்புச் சோதனையில் கிரேடு 4 என்பது 240 மணி நேரம், கிரேடு 5 என்பது 480 மணி நேரம். கடற்கரைக்கு 4-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

கொசு வலை ஷட்டர் உள் டிராக்கில் ஓடும் மூன்று டிராக் ஜன்னலில் கிரசென்ட்டைப் போடும் முன் இடைவெளியை அளக்க வேண்டும். வெளியே துருத்தி நிற்கும் பிடியில் வலைச் சட்டம் இடிக்கும். அங்கே சட்டத்துக்குள் பதியும் டச் லாக்தான் பொருந்தும். எண்ணிக்கையும் மாறும்: இரண்டு ஷட்டருக்கு டச் லாக் இரண்டு வேண்டும், கிரசென்ட் ஒன்று போதும்.

சமையலறையில் இரண்டடி மேடைக்கும் அடுப்புக்கும் அப்பால் ஜன்னல். சாத்துவதற்கு டச் லாக் சுகம், திறப்பதற்குக் கொடுமை: பட்டனை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும், எட்டிக் குனிந்து. விரல் மூட்டு வலியுள்ள பெரியவர்களுக்கு அந்தச் சின்னப் பட்டன் எந்த அறையிலும் எதிரிதான். அவர்கள் அறைக்கு நீளமான பிடியுள்ள மல்டி பாயிண்ட் வையுங்கள். குழந்தைகள் விஷயத்தில் தானாகப் பூட்டுவதை நம்பி இருக்கவே கூடாது. மூன்று வயதுப் பிள்ளை பட்டனை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளும். ஷட்டர் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காமல் நிறுத்தும் தடுப்பானைத் தனியாகப் போட வேண்டும். மேல்நாட்டுப் பாதுகாப்பு விதிகள் சொல்லும் அளவும் அதுவே.

பால்கனி ஸ்லைடிங் கதவுக்கு டச் லாக் வேண்டவே வேண்டாம். துணி காயப்போட நீங்கள் வெளியே நிற்பீர்கள், உள்ளே இருக்கும் பிள்ளை விளையாட்டாகக் கதவைத் தள்ளும், கொக்கி மாட்டிக்கொள்ளும். ஏழாவது மாடியில், கையில் போன் இல்லாமல், அடுப்பில் பால். இரண்டு பக்கமும் கைப்பிடியும் சாவியும் உள்ள மல்டி பாயிண்ட் போடுங்கள். கதவு திறந்திருக்கும்போது கொக்கி வெளியே வராதபடி தடுக்கும் அமைப்பு அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நீட்டிய கொக்கியோடு அடித்துச் சாத்தி அதை வளைத்துவிடுவார்கள்.

என் வீடு என்றால் பங்கீடு இப்படி இருக்கும். மாடி அறைகளுக்கும் ஹாலுக்கும், நல்ல ரோலரோடு பதிக்கும் டச் லாக். காற்று மோதும் பக்கத்தில் வலை வெளி டிராக்கில் இருந்தால் அதோடு ஒரு கிரசென்ட்டும். தரைத்தளத்துக்கும் பெற்றோர் அறைக்கும் மல்டி பாயிண்ட். பணம் இடம் கொடுத்தால் படுக்கையறைக்கு மட்டும் ஆட்டோ லாக் கைப்பிடி, ஏனென்றால் தானாகவும் பூட்டும், பூட்டியதைக் காட்டவும் செய்யும். அதன் ஊசியில் தூசி சேர்ந்தால் சிக்கிக்கொள்ளும் என்பதால், டிராக் துடைக்கும்போது அதையும் ஒரு துடை துடைக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் அதே மாடலில் இரண்டைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். டச் லாக் மாடல்கள் அடிக்கடி மாறும். புதியது வாங்கப் போனால் இரண்டு ஸ்க்ரூ துளைகளுக்கு இடையிலான தூரமும் சட்டத்தில் வெட்டிய பள்ளத்தின் நீளமும் பொருந்தாது. கூடுதல் இல்லாதவர்கள் பழைய லாக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போகட்டும். போட்டோ காட்டி வாங்கினால் திரும்ப ஒரு நடை நடக்க வேண்டிவரும்.