கல்லூரி மைதானமா, அரச அரங்கா? கொழும்பில் ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்துக்கு எது பொருந்தும்?

இலங்கையின் முதலாவது தொழில்முறை உதைபந்தாட்டத் தொடராக 2021 இல் தொடங்கப்பட்ட சுப்பர் லீக், கழகங்களிடம் வீரர்கள் இருக்கிறார்கள், ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள மைதானம் மட்டும் பெரும்பாலானவற்றுக்கு இல்லை என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் கழக உரிம விதிகளின்படி, உரிமம் கோரும் கழகம் ஓர் அரங்கின் சொந்தக்காரராக இருக்க வேண்டும், அல்லது அதைப் பயன்படுத்துவதற்கான எழுத்துமூல ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். நிலத்தின் விலை எட்டாத உயரத்தில் இருக்கும் கொழும்பில் முதலாவது வழி எந்தக் கழகத்துக்கும் சாத்தியப்படாது. எஞ்சுவது இரண்டாவது வழி. அப்படியானால் யாருடன் ஒப்பந்தம் செய்வது? வழக்கமான அரச அரங்குகளுடனா, அல்லது நகரின் நடுவே நல்ல புல்தரையோடு இருக்கும் கல்லூரி மைதானங்களுடனா?

கல்லூரி அரங்கில் தொழில்முறைக் கழகம் ஆடுவது உலகத்துக்குப் புதியதல்ல. அமெரிக்காவின் மேஜர் லீக் சொக்கர் 1996 இல் தொடங்கியபோது கொலம்பஸ் குரூ அணி ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தின் பிரம்மாண்டமான அரங்கில்தான் ஆடியது. வந்த கூட்டம் அந்த அரங்கின் ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டதால், 1999 இல் உதைபந்தாட்டத்துக்கென்றே கட்டப்பட்ட சொந்த அரங்குக்கு இடம்பெயர்ந்தது. ஹூஸ்டன் டைனமோ 2006 முதல் 2011 வரை ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் றொபர்ட்சன் அரங்கில் வாடகைக்கு இருந்தது. அந்தக் காலத்தில்தான் 2006 இலும் 2007 இலும் அடுத்தடுத்துக் கிண்ணத்தை வென்றது. சான் ஹொசே அணி 2008 முதல் 2014 வரை சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தின் சிறிய பக் ஷோ அரங்கில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரோடு ஆடியது. இன்றும் இந்த வழக்கம் முடிந்துவிடவில்லை: 2025 இல் லீக்குக்குள் வந்த சான் டியேகோ அணி, சான் டியேகோ அரச பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அரங்கிலேயே ஆடுகிறது.

ஆனால் நம்முடைய நிலைமைக்கு மிக நெருங்கிய உதாரணம் டாலஸ் அணியுடையது. 2003 ஆம் ஆண்டுப் பருவத்தை அந்த அணி சவுத்லேக் என்ற புறநகரில் ஓர் உயர்நிலைப் பாடசாலையின் அரங்கில் கழித்தது. செயற்கைப் புல்தரையும் நகரத்திலிருந்து இருந்த தூரமும் ஆதரவாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே அணி பழைய இடத்துக்குத் திரும்பியது. சின்சினாட்டியிலோ வேறு கதை. பல்கலைக்கழக அரங்கின் ஓர இருக்கைகளை அகற்றி ஆடுகளத்தை அகலப்படுத்திய பின்னர், சர்வதேச அளவுக்கு ஏற்ற களமும் நிறைந்த கூட்டமும் அங்கே அமைந்தன. அமெரிக்கக் கல்லூரி அரங்குகளின் பெருஞ்சிக்கல் இந்த அகலம்தான்: அமெரிக்கன் ஃபுட்போல் களம் 49 மீற்றருக்கும் குறைவான அகலம் கொண்டது, நமது விளையாட்டுக்கோ 68 மீற்றர் வேண்டும். கொழும்பில் அந்தச் சிக்கல் இல்லை. நமக்கு இருப்பவை வேறு சிக்கல்கள்.

முதலில் அரச அரங்குகளைப் பார்க்கலாம். கொட்டாஞ்சேனைக்கும் கிராண்ட்பாஸுக்கும் அருகில், தமிழ் பேசும் ஆதரவாளர்கள் நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருப்பது சுகததாச விளையாட்டரங்கு. இருபத்தையாயிரம் பேர் அளவில் அமரக்கூடிய இந்த அரங்கு தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டப்பட்டது என்பதுதான் இங்கே தீர்மானிக்கும் விடயம். நியம அளவிலான 400 மீற்றர் ஓடுபாதைக்குள் 105 மீற்றர் நீளமான ஆடுகளத்தை வைத்துக் கணக்கிட்டால், கோல் கோட்டுக்கும் வளைவுப் பக்கப் பார்வையாளருக்கும் இடையே 35 மீற்றருக்கு மேல் வெற்றிடம் விழுகிறது. பக்கவாட்டில்கூடப் பன்னிரண்டு மீற்றருக்குக் குறையாது. மூலைக் கொடியிலிருந்து ஓடுபாதையின் உள்விளிம்புக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர்தான் என்பதால், மூலை உதை அடிப்பவர் இறப்பர்த் தரையிலிருந்து ஓடிவந்து புல்லில் கால் பதிக்க நேர்கிறது. இரண்டாயிரம் பேர் வரும் ஒரு லீக் போட்டியை இருபத்தையாயிரம் இருக்கைகளுக்கு நடுவே, அதுவும் இத்தனை தொலைவில் நடத்தினால், கழகத்தின் ஆதரவாளர்களுக்குத் தாம் ஓர் அணியின் பக்கம் நிற்கிறோம் என்ற உணர்வே வராது. கொலம்பஸ் தன் முதல் மூன்று ஆண்டுகளில் பட்ட பாடு இதுதான். தேசிய அணிக்கும் பெரிய இறுதிப் போட்டிகளுக்கும் சுகததாச வேண்டும். ஒரு கழகத்தின் நாளாந்தச் சொந்த மைதானமாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கறுவாத்தோட்டத்து றேஸ்கோர்ஸ் மைதானம் இதைவிட எவ்வளவோ மேல். 1893 முதல் குதிரைப் பந்தயம் நடந்த திடல் அது. இரண்டாம் உலகப் போரில் ஓடுதளமாக மாறியது. 1942 உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கிருந்துதான் ஹரிகேன் போர் விமானங்கள் எழுந்தன. 2012 அளவில் புதுப்பிக்கப்பட்ட பின் றக்பிக்கும் உதைபந்தாட்டத்துக்கும் பொதுவான அரங்காயிற்று. களத்தைச் சுற்றி ஓடுபாதை இல்லை, பார்வையாளர் கோட்டுக்கு அருகிலேயே இருக்கிறார்கள், பத்தாயிரம் அளவிலான கொள்ளளவு நம் தேவைக்குத் தாராளம். 2021 நவம்பரில் நான்கு நாடுகள் பங்கேற்ற கிண்ணத் தொடர் அங்கே நடந்தது. 2022 ஏப்ரலில் களுத்துறையின் புளூ ஸ்டார் கழகம், ஆசியக் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கிண்ணத் தகுதிப் போட்டியில் நேபாளத்தின் மச்சிந்த்ரா கழகத்தை வென்றதும் அங்கேதான். களுத்துறைக் கழகம் தன் 'சொந்த மைதான' ஆட்டத்துக்குக் கறுவாத்தோட்டத்துக்கு வர வேண்டியிருந்தது என்பதிலேயே றேஸ்கோர்ஸின் குறையும் அடங்கியிருக்கிறது. அது எல்லோருக்கும் பொதுவானது. தேசிய அணி, றக்பிக் கழகங்கள், பாடசாலைப் போட்டிகள், அரச நிகழ்வுகள் என்று எல்லாரும் வரிசையில் நிற்கும் இடத்தில், ஒரு கழகம் தன் நிறத்தைச் சுவரில் பூசவும் முடியாது, அடுத்த மாதத்து ஆட்டத்துக்கு இன்றே உறுதியாக நுழைவுச்சீட்டு விற்கவும் முடியாது.

இந்த இடத்தில்தான் கல்லூரி மைதானம் கவனத்துக்குரியதாகிறது. கொழும்பின் கல்லூரி மைதானங்களை நான் இரண்டாகப் பிரிப்பேன்: றக்பிக்கென ஒதுக்கப்பட்டவை, கிரிக்கெட் உட்பட எல்லா விளையாட்டையும் தாங்குபவை. முதல் வகைக்கு றோயல் கல்லூரியின் விளையாட்டுத் தொகுதி சிறந்த உதாரணம். றேஸ்கோர்ஸிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், பார்வையாளர் அரங்கோடு, உடைமாற்றும் அறைகளோடு அது இருக்கிறது. றக்பிக் களத்தின் அகலம் 70 மீற்றர் வரை செல்லலாம். கோட்டிலிருந்து கோட்டுக்கு 100 மீற்றர் என்றாலும் இரு முனைகளிலும் பின்வெளி இருப்பதால் 105 மீற்றர் நீளக் களத்தைத் தாராளமாக வரையலாம். அளவைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை.

கிட்டச் சென்று பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். றக்பிக் கம்பங்கள் 100 மீற்றர் கோட்டில் நிற்பவை. உதைபந்தாட்டக் கோல் அதற்கு இரண்டரை மீற்றர் பின்னால் வரும். கம்பங்களைக் கழற்றினாலும் அவற்றின் குழிகள் இரண்டும், 5.6 மீற்றர் இடைவெளியில், கோல்காப்பாளர் பெரும்பாலான நேரம் நிற்கும் இடத்திலேயே இருக்கும். மூலை உதையின்போது காப்பாளர் பின்னால் கால் வைத்து எழும்பும் இடமும் அதுதான். இரும்பு மூடியை மட்டும் போட்டுவிட்டுப் போனால் ஒரு முழங்கால் நிச்சயம் போகும். மூடிக்கு மேல் போதிய மண்ணும் வேரூன்றிய புல்லும் அடங்கிய தட்டு ஒவ்வொரு பருவத்துக்கும் முன்கூட்டியே வளர்க்கப்பட வேண்டும். இது பெருஞ்செலவல்ல, ஆனால் யாருடைய பொறுப்பு என்பது எழுத்தில் இல்லாவிட்டால் நடக்காது.

இரண்டாவது வகைக்கு மருதானை ஸாஹிறாவையும் கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட் கல்லூரியையும் எடுத்துக்கொள்கிறேன். 1892 இல் தொடங்கிய ஸாஹிறாவும் 1865 இல் தொடங்கிய பெனடிக்டும் கொழும்பின் பாடசாலை உதைபந்தாட்டத்தைத் தாங்கிவந்த கல்லூரிகளுள் முன்னிற்பவை. உதைபந்தாட்டத்தை உயிராய் நேசிக்கும் சனம் இவற்றின் சுற்றுப்புறங்களில்தான் இருக்கிறது. கறுவாத்தோட்டத்தில் ஒரு கழகம் ஆதரவாளரைத் தேடிச் சேர்க்க வேண்டும். மருதானையிலோ கொட்டாஞ்சேனையிலோ மதிலுக்கு வெளியே முச்சக்கரவண்டிக் கூரையில் ஏறி நின்று பார்க்கவும் ஆள் வரும். உணர்வை மட்டும் வைத்து முடிவெடுக்கலாம் என்றால் என் வாக்கு இவற்றுக்கே.

ஆனால் கிரிக்கெட் நடக்கும் மைதானத்தின் மத்தியில் என்ன இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. ஐந்து பிட்ச் அருகருகே அமைந்தால் அந்தக் களிமண் சதுரம் இருபது மீற்றர் நீளமும் பதினைந்து மீற்றர் அகலமும் கொண்டது; உதைபந்தாட்டக் களத்தின் மைய வட்டத்தையே ஏறத்தாழ அது விழுங்கிவிடும். வெயில் காலத்தில் அங்கே பந்து குத்தி எழும்பும், ஓரத்துப் புல்லில் அதே பந்து அடங்கும்; மழை நின்ற சிறிது நேரத்தில் புல் ஆடத்தக்கதாக இருக்கும்போதும் களிமண் சவர்க்காரமாய் வழுக்கும். பாடசாலை அணிகள் இதற்குப் பழகிப்போனவை. சம்பளத்துக்கு ஆடும் வீரரின் கணுக்காலை அதில் பணயம் வைக்க எந்தப் பயிற்றுநரும் விரும்பமாட்டார். மறுபக்கத்தில், ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெரும் போட்டிகளுக்குத் தயாராகும் கல்லூரியின் கிரிக்கெட் பொறுப்பாசிரியர், தம் பிட்ச்சில் ஆணி வைத்த சப்பாத்துகளோடு இருபத்திரண்டு பேர் ஓடுவதை அனுமதிக்கமாட்டார். அவர் பக்கமும் நியாயம்தான்.

நாட்காட்டியே உண்மையான எதிராளி. பாடசாலைகளுக்கு வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை கிரிக்கெட்டின் உச்சம், அதன் பின் ஜூலை வரை றக்பி. கண்டி திரித்துவக் கல்லூரியோடு 1945 இலிருந்து நடக்கும் பிரட்பி கேடய றக்பி ஆட்டங்களுக்கு றோயல் தன் களத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காது. ஆக, றக்பி மைதானத்தில் கழகத்துக்குக் கிடைக்கக்கூடிய காலம் ஓகஸ்ட் முதல் டிசம்பர் வரை. அதிலும் ஒக்டோபரும் நவம்பரும் கொழும்பில் பின்னேர மழைக்குப் பெயர்போனவை. பருவம் முழுவதும் மிதிபட்ட களம், புல் மீளத் தளிர்க்குமுன்னே கழகத்தின் கைக்கு வருகிறது, வந்தவுடன் மழை. நிலத்தடி வடிகால் சரியாக இல்லாத மைதானத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒரு போட்டிக்கு மேல் வைத்தால் டிசம்பரில் புல்லே மிஞ்சாது. எனவே கழகத்தின் பயிற்சியைக் கல்லூரி மைதானத்தில் ஒருபோதும் நடத்தக்கூடாது. அதற்கு வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செயற்கைப் புல்தரை இதற்குத் தீர்வு என்று சொல்பவர்கள் உண்டு. மழைக்கும் மிதிபாட்டுக்கும் அது ஈடுகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் கொழும்பு வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் தரை இயற்கைப் புல்லைவிட மிக அதிகமாகச் சுடும், கிரிக்கெட்டும் நடக்கும் மைதானத்தில் அதை விரிக்கவே முடியாது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. பிள்ளைகளும் வாகனங்களும் அகன்று, வாயிற்சோதனைக்கு ஆள் நிறுத்தி, மூன்றே முக்காலுக்கு ஆட்டத்தைத் தொடங்கினால் முடிவது ஐந்து முப்பத்தைந்துக்கு. நவம்பரில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். மேகமூட்டமான நாளில் கடைசி இருபது நிமிடங்களை ஒளிபரப்பே செய்ய முடியாது. வேலை முடிந்து வருபவருக்கு ஆறரை அல்லது ஏழு மணி ஆட்டம்தான் வசதி, ஆகையால் மின்னொளி இல்லாத கல்லூரி மைதானம் வார இறுதிக்கு மட்டுமே பயன்படும். மருதானையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் நோன்பு மாதத்தையும் தவிர்த்தே அட்டவணை போட வேண்டும். அங்கே வரும் ஆதரவாளர்களுக்கும் அதுவே ஏற்றது.

அனுமதி யாரிடம் என்பதிலும் வேறுபாடு உண்டு. றோயல் அரச தேசியப் பாடசாலை, ஆகவே கல்வி அமைச்சு வரை கடிதம் போக வேண்டும். பெனடிக்ட் போன்ற கத்தோலிக்கக் கல்லூரியில் முடிவு நிர்வாகத்திடமே இருக்கிறது. விளம்பரம் இன்னொரு நுட்பமான விடயம். மதுபான, புகையிலை விளம்பரங்களை 2006 ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது, ஆனால் பந்தய நிறுவனங்களின் பணம் உதைபந்தாட்டத்துக்குள் உலகெங்கும் வந்துகொண்டிருக்கிறது. வகுப்பறை யன்னலிலிருந்து தெரியும் பலகையில் அத்தகைய பெயர் வரக்கூடாது என்பதில் கல்லூரி ஒரு சொல்லும் விட்டுக்கொடுக்கக்கூடாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில் என் தெரிவு இது: கொழும்பில் ஒரு தொழில்முறைக் கழகம் கல்லூரி மைதானத்தில் நிலைகொள்ள முடியும், அது றக்பிக்கென ஒதுக்கப்பட்ட மைதானமாகவும், லீக் ஓகஸ்ட்டில் தொடங்குவதாகவும் இருந்தால். மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத ஒப்பந்தம் வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தை நம்பி எந்தக் கழகமும் வடிகாலிலோ மின்னொளிக் கம்பத்திலோ பணம் போடாது. வாடகையைப் பணமாக வாங்குவதைவிடப் புல்லாகவும் வடிகாலாகவும் வாங்குவது கல்லூரிக்கு இலாபம், ஏனெனில் கழகம் போன பின்னும் அவை மாணவருக்கே எஞ்சும். ஸாஹிறாவும் பெனடிக்டும் கழகத்தின் இளையோர் அணிகளுக்கும் பருவத்துக்கு முந்திய நட்பு ஆட்டங்களுக்கும் உரிய இடங்கள். அந்தச் சனத்தை இழக்காமலிருக்க ஆண்டுக்குச் சில ஆட்டங்களையாவது அங்கே கொண்டுபோக வேண்டும். மழைநாளில் களம் தகுதியா இல்லையா என்பதைக் கல்லூரியும் கழகமும் சேர்ந்து நியமித்த மைதானப் பராமரிப்பாளர் போட்டியன்று காலை பத்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். அவர் மறுத்தால் ஆட்டம் அன்றே றேஸ்கோர்ஸுக்கு மாறும் வகையில், அங்கே மாற்று நாட்களைப் பருவம் தொடங்கும் முன்பே பணம் கட்டி ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.