கொழும்பில் போட்டோ புத்தகம் அடிக்கக் கொடுப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்: 38,500 ரூபா போன கதை

மூன்று புத்தகங்கள், 38,500 ரூபா. முன்னால் மேசையில் கிடக்கின்றன, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இனிப் போகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 50 வருடம். 1975இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் 23தான் மிச்சம். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது, அல்பத்தைத் தூக்க முடியாமல் படங்களை மட்டும் கழற்றி, சீலைக்குள் சுற்றி அம்மா கொண்டுவந்தவை அவை. அவற்றோடு அண்ணாவின் கனடாப் படங்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்து 12க்கு 12 அங்குலத்தில் 60 பக்கப் புத்தகம். அம்மா அப்பாவுக்கு ஒன்று, அண்ணாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

பக்கங்களை நானே செய்தேன். இன்டிசைன் என்ற பக்கம் வடிவமைக்கிற மென்பொருளை மாதக் கட்டணத்துக்கு எடுத்து, வேலை முடிந்து வந்து இரவிரவாக இரண்டு மாதம் இருந்தேன். பழைய படங்களை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் பண்ணினேன்; இரண்டு மடங்கு பெருப்பித்தாலும் அச்சுக்கு வேண்டிய 300 நிற்கும். அடித்த பிறகு ஓரம் வெட்டுவார்கள் என்று சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட்டேன். வேர்ல்ட்-ரெடி கொம்போசர் என்ற தெரிவைப் போட்டால்தான் தமிழில் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கும் என்று கண்டுபிடிக்கவே ஒரு கிழமை போனது. பெருமைக்குச் சொல்லவில்லை. பிறகு "உங்கட ஃபைல்தான் பிழை" என்றார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

கடை வெள்ளவத்தையில், ஓர் ஒழுங்கைக்குள். கல்யாணக் கார்ட், போட்டோக்கொப்பி, அல்பம் எல்லாம் செய்கிற கடை. பெயர் எழுதவில்லை. முதல் தடவை விலை கேட்கப் போனபோது ஒரு மாதிரிப் புத்தகத்தைக் காட்டினார்கள். விரித்தால் நடுவில் பள்ளமே இல்லாமல் பலகை மாதிரிப் படுத்தது. லே-ஃபிளாட் பைண்டிங். "உங்களுக்கும் இதுதான் அக்கா" என்றார்கள். அதை நம்பித்தான் தாலி கட்டுகிற படத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரித்து வைத்தேன். அப்பாவின் முகம் சரி நடுவில் வந்தது.

பென் டிரைவில் இரண்டும் கொண்டுபோனேன்: முடித்த பிடிஎஃப், அதோடு படங்கள், எழுத்துரு எல்லாம் சேர்த்துக் கட்டிய ஃபோல்டர். கணினியில் இருந்த தம்பிக்கு 25 வயது இருக்கும். "பிடிஎஃப் வேண்டாம் அக்கா, ஒரிஜினலைத் தாங்கோ. எங்கட டெம்ப்ளேட்டில போட்டால்தான் வெட்டு சரியா வரும். நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்" என்றார். சொல்லிக்கொண்டே அந்த ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருந்த இன்டிசைன் ஃபைலை மட்டும் இழுத்துத் தன் கணினியில் போட்டார். படங்களைத் தொடவே இல்லை. நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த ஃபைலுக்குள் படம் இருக்காது, படம் எங்கே கிடக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும், திரையில் தெரிவது மெல்லிய நகல் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. நாள் முழுக்க இதே தொழில் செய்கிற பிள்ளை, அவருக்கு நான் போய்ப் படிப்பிப்பதா என்று ஒரு கூச்சம். பிளேன்டீ வேறு எடுப்பித்துத் தந்தார். அந்தப் பிளேன்டீயின் விலை 38,500 ரூபா.

"பென் டிரைவையும் வைச்சிட்டுப் போங்கோ, தேவைப்பட்டா எடுப்பம்" என்றார். வைத்துவிட்டு வந்தேன். தாள் வெளியில் எடுக்க வேண்டுமாம், முழுக் காசும் முதலே வேண்டுமாம். கொடுத்தேன். பில் என்று தந்தது கடைப் பெயரே இல்லாத துண்டுத் தாள்: "அல்பம் 3, 38,500, பெய்ட்." அடிக்க முதல் சரிபார்க்க ப்ரூஃப் கேட்டதற்குத் திரையில் முதல் நாலு பக்கத்தைக் காட்டினார். அந்த நாலில் இருந்தது பெரிய எழுத்தில் தலைப்பும் பூ வேலையும்தான்.

விழாவுக்கு முதல் நாள் பின்னேரம்தான் கையில் தந்தார்கள், ரிப்பன் எல்லாம் கட்டி. அப்பா கையால் பிரிக்கட்டும் என்று நான் திறந்தும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் எல்லாருக்கும் முன்னால் அவர் பிரித்தார்.

பசை போட்டு ஒட்டின சாதாரண பைண்டிங். தாலி கட்டும் படத்தில் அம்மா குனிந்திருக்கிறா, கழுத்தருகே இரண்டு கைகள் நிற்கின்றன, கைக்குரிய ஆளைக் காணவில்லை. அப்பாவின் முகம் மடிப்புக்குள் போய்விட்டது. படங்கள் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன, அந்த மெல்லிய நகலைத்தான் அப்படியே அடித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை எல்லாம் பச்சை ஓடிப்போய், ஏதோ பாசி பிடித்த மாதிரி. "பெரியம்மா"வின் கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவியிருந்தது. "கொழும்பு" என்று எழுதிய இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வட்டம். அப்பா மடிப்பை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தார். "கை என்ர கைதான்" என்று சிரித்துவிட்டு மூடி வைத்தார். பிறகு ஒருவரும் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

திங்கள் கடைக்குப் போனேன். "ஃபைலில குவாலிட்டி இல்லை அக்கா." என் போனில் பிடிஎஃப்பைத் திறந்து பெருப்பித்துக் காட்டினேன். "போனில எல்லாம் வடிவாத்தான் தெரியும்." செவ்வாய் முதலாளி வெளியூர். புதன் வட்ஸ்அப்பில் நீலக்கோடு மட்டும். வியாழன் முதலாளியைப் பிடித்தேன். "லே-ஃபிளாட் என்று பில்லில இருக்கோ?" என்று கேட்கிறார். அந்தப் பில்லில் கடையின் பெயரே இல்லையே ஐயா! கடைசியில் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்: பாதிக் காசு தந்தால் திருப்பி அடித்துத் தருவாராம். இன்னும் 19,250. முதலில் போன 38,500 போதாது. நான் கத்திக்கொண்டு நிற்க, எனக்குப் பின்னால் ஒரு பிள்ளை கல்யாண அல்பத்துக்கு முற்பணம் கட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டும். அழுகை வந்ததில் வெளியே வந்துவிட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது ஒன்றும் ஓடவில்லை. பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் கேட்டால் வேறு கடை பாருங்கள். முழுக் காசும் முதலே கொடுக்காதீர்கள். எந்த பைண்டிங் என்று பில்லில் எழுதுவியுங்கள், கடை முத்திரையோடு. படம் உள்ள ஒரு பக்கத்தையாவது தாளில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். யார் என்ன சொன்னாலும் முகத்தை நடு மடிப்பில் வைக்காதீர்கள். வாங்கிய இடத்திலேயே திறந்து பாருங்கள்.

நாளைக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கப் போகிறேன். அந்தத் துண்டுத் தாளை என்ன கணக்கில் எடுப்பார்களோ தெரியாது. பென் டிரைவையும் இன்னும் தரவில்லை. தேடிப் பார்க்கிறார்களாம்.