ஸ்பின்லாஞ்ச் சுழல் ஏவுதளம்: பத்தாயிரம் ஜி தாங்கினால் மட்டும் போதுமா?

கவண் எறிகிற அதே வேலைதான். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய எஃகு அறைக்குள் கார்பன் ஃபைபர் கை ஒன்று சுழல்கிறது. அதன் நுனியில் மாட்டிய ஏவுகலன், வேகம் ஏறியதும் சரியான கணத்தில் விடுவிக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஸ்பின்லாஞ்ச் நிறுவனம் 2014-லிருந்து இதை ஒரு சேவையாக்க முயன்று வருகிறது. நியூ மெக்சிகோவிலுள்ள ஸ்பேஸ்போர்ட் அமெரிக்காவில் அதன் 33 மீட்டர் விட்டச் சோதனை இயந்திரம் நிற்கிறது. முதல் ஏவல் 2021 அக்டோபரில், பத்தாவது 2022 செப்டம்பரில். பத்தாவதில் நாசா, ஏர்பஸ் யு.எஸ்., கார்னெல் பல்கலைக்கழகம், அவுட்போஸ்ட் ஆகியோரின் கருவிகள் பறந்து, மீட்கப்பட்டன. ஆனால் எந்த ஏவலும் விண்வெளியின் எல்லையைத் தொடவில்லை. சுற்றுப்பாதைக்கென அறிவித்த 100 மீட்டர் இயந்திரம் இன்னும் கட்டப்படவில்லை.

எனவே செயற்கைக்கோள் கட்டுகிறவர் எடைபோட வேண்டியது, நிரூபித்த பத்து ஏவல்களையும் வாக்குறுதி தந்த சேவையையும் தனித்தனியாக.

வாக்குறுதி இது: 11 டன்னுக்குச் சற்று மேலான ஏவுகலனை நொடிக்கு 2.1 கி.மீ. வேகத்தில் எறிவது, சுமார் 60 கி.மீ. உயரத்தில் உள்ளிருக்கும் ராக்கெட் பற்றியெரிந்து, 200 கிலோ வரையான சரக்கைச் சுற்றுப்பாதையில் சேர்ப்பது. கணக்கு கவர்ச்சியானதுதான். தரையிலிருந்து கிளம்பும் ராக்கெட் இழப்புகளையும் சேர்த்து நொடிக்கு 9.4 கி.மீ. அளவு வேகம் ஈட்ட வேண்டும். எரிந்து வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்கு 3.1 கி.மீ. உள்ள எஞ்சினுக்கு, கிளம்பும் எடை காலி எடையைப் போல இருபது மடங்காகிறது. சுழற்சி கொடுக்கும் உந்துதலாலும் இழப்புகள் குறைவதாலும் மீதி 6.5 கி.மீ. போதுமென்றால் அது எட்டு மடங்காக இறங்கிவிடும். செலவாகும் மின்சாரமோ அற்பம்: ஏவுகலனின் இயக்க ஆற்றல் வெறும் 7 மெகாவாட்-மணி. இந்தக் கணக்குக்காகவே இந்த முயற்சியை மதிக்க வேண்டும்.

இனி எல்லோரும் பயப்படுகிற ஜி விசை, அதாவது பூமி ஈர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை என்பது. 45 மீட்டர் ஆரத்தில் அந்த வேகம் என்றால் நிமிடத்துக்கு 450 சுற்று, 10,000 ஜி. ஐந்து கிராம் உதிரிபாகம் ஐம்பது கிலோவாக அழுத்தும். எண்ணைக் கேட்டே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள், அது தேவையில்லை. வழிகாட்டும் பீரங்கிக் குண்டுகளின் மின்னணுப் பாகங்கள் இதைவிட அதிக அதிர்வைத் தாங்குகின்றன. இரண்டாம் உலகப்போரிலேயே கண்ணாடி மின்னணு வால்வுகளை வைத்த குண்டுத் திரிகள் பீரங்கியிலிருந்து சுடப்பட்டு வேலை செய்தன.

வித்தியாசம் கால அளவில் இருக்கிறது. பீரங்கியில் விசை சில மில்லிநொடி. இங்கே வேகம் ஏறும் நேரம் முழுக்க, ஒரு மணி நேரம்கூட, நசுக்கிக்கொண்டே இருக்கும். அதிர்வைத் தாங்கிய சோல்டர் நிலையான விசையில் மெல்ல நகர்ந்து விரிசல் விடும். மென்மையான சிலிக்கோன் நிரப்பி திரவம்போல வழிந்து ஒரு பக்கம் ஒதுங்கும். பிறகு விடுவிக்கும் கணத்தில் 10,000 ஜி சட்டென்று பூஜ்யத்துக்கு அருகே விழ, வளைந்திருந்ததெல்லாம் வில்லாகத் துள்ளும். இந்தத் துள்ளலிலும் சேதம் வரும். பீரங்கித் தரச் சான்றிதழை மட்டும் நம்பி பாகம் வாங்குவது தவறு.

மின்சுற்றுப் பலகையை விசைக்குக் குறுக்காகப் படுக்க வைத்து, பின்னால் முழுப் பரப்பிலும் அலுமினியத் தட்டு கொடுங்கள். பாகங்கள் எல்லாம் சுழல் அச்சைப் பார்த்த பக்கம் மட்டுமே இருக்கட்டும். அப்போது விசை அவற்றைப் பலகையோடு அமுக்கும். மறுபக்கம் வைத்தால் பிய்த்து எடுக்கும். உயரமான மின்பகு கெபாசிட்டர்களுக்கு பதில் தட்டையான செராமிக், குவார்ட்ஸ் அலைவிக்கு பதில் சிலிக்கனில் பொறித்த நுண் அலைவி (மெம்ஸ்), பெரிய சிப்புகளின் அடியில் எபாக்ஸி. சோலார் பேனலை மடித்து, இடைவெளியே இல்லாமல் சட்டத்தோடு ஒட்டி வையுங்கள். தலைவலி தருவது திசைமாற்றுச் சக்கரம்: 200 கிராம் சுழலி இரண்டு டன்னாகி பேரிங் குண்டுகளால் தடத்தில் குழி போட்டுவிடும். குழி விழுந்த பேரிங் சுற்றுப்பாதையில் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஏவும்போது சுழலி ஒரு திடமான மேடையில் உட்கார்ந்துகொள்ளும்படி பூட்டு வடிவமைத்தே ஆக வேண்டும். சோதிக்க ஸ்பின்லாஞ்ச்தான் வேண்டுமென்பதில்லை. ஒரு மீட்டர் ஆரத்தில் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதே 10,000 ஜி. ஆனால் அந்தச் சிறிய ஆரத்தில் 10 செ.மீ. உயரப் பொருளின் இரு முனைகளுக்கும் இடையே விசை பத்து சதவீதம் மாறுபடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆக, செயற்கைக்கோளை இதற்குத் தயார்படுத்தலாம். எடையும் உழைப்பும் கூடும், அவ்வளவே. உண்மையான சிக்கல் சரக்கில் இல்லை, ஏவுகலனில் இருக்கிறது.

உள்ளிருக்கும் ராக்கெட் பக்கவாட்டில் 10,000 ஜி வாங்குகிறது. தண்ணீர் அடர்த்தியுள்ள எரிபொருள் ஒரு மீட்டர் அகலத் தொட்டியில் இருந்தால், வெளிச்சுவரில் அழுத்தம் கிட்டத்தட்ட 970 வளிமண்டலம். மெல்லிய தொட்டி தாங்காது. வெளிக்கூடு முழுதாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வால்வும் பம்ப்பும் அதே விசையில் கசியாமல் இருந்து, பிறகு உடனே இயங்கவும் வேண்டும். எட்டு மடங்கு என்று மேலே மிச்சப்படுத்தியதில் கணிசமான பங்கை இந்தக் கூடுதல் எடை தின்றுவிடும்.

விடுவிப்பு அதைவிடக் கடினம். ஒரு மில்லிநொடி தாமதித்தால் திசை 2.7 டிகிரி மாறும். பத்தில் ஒரு டிகிரி துல்லியம் வேண்டுமானால் பிழை சுமார் 37 மைக்ரோநொடிக்குள் அடங்க வேண்டும். விடுபட்ட ஏவுகலனும் கையின் சுழற்சியைச் சுமந்தபடி நொடிக்கு ஏழரைச் சுற்று புரளப் பார்க்கும். அதை விடுவிப்பிலேயே கழிக்க வேண்டும், அல்லது வால் துடுப்புகள் அடக்க வேண்டும். எதிர்முனையில் சமன் எடை மட்டும் மிஞ்சினால் அச்சின் பேரிங் மீது ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட விசை சமனின்றி விழும். சமன் எடையையும் அதே கணத்தில் கீழே விட்டுப் பிடிக்கலாம். 11 டன் பொருளை நொடிக்கு 2 கி.மீ. வேகத்தில் நிறுத்தும் பள்ளம் எப்படியிருக்கும் என்று யோசித்தால் அதன் விலை புரியும். வெற்றிட அறையின் வாயை மூடிய திரையை ஏவுகலன் கிழித்ததும் காற்று உள்ளே பாயும், கை இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அந்த வாயை உடனே அடைக்கும் வேகக்கதவு தாமதித்தால் கை நாசம். வெளியே ஏவுகலன் சந்திப்பது 26 வளிமண்டல இயக்க அழுத்தம், மூக்கில் 2,000 டிகிரி அளவுக்கு வெப்பம். நியூ மெக்சிகோ சோதனைகளின் வேகம் மணிக்கு சுமார் 1,600 கி.மீ.; அதனால் இவற்றில் எதுவும் முழு அளவில் சோதிக்கப்படவில்லை.

இந்த இயந்திரத்துக்கு உண்மையில் ஏற்ற இடம் நிலவு. காற்றில்லை, அறையும் திரையும் வேண்டாம், மூக்கு எரியாது. தாழ்வான சுற்றுப்பாதைக்கு நொடிக்கு 1.7 கி.மீ. போதும்; 50 மீட்டர் ஆரத்தில் அது 6,000 ஜி-க்குள். அங்கிருந்து மூலப்பொருளை எறிய இதைவிட எளிய வழி தோன்றவில்லை.

பூமியில் இன்றைக்கு இதில் இடம் பதிவு செய்ய எதுவுமில்லை. நிறுவனமே 2025-ல் மெரிடியன் ஸ்பேஸ் என்ற தகவல்தொடர்பு செயற்கைக்கோள் திட்டத்துக்குக் கவனத்தைத் திருப்பி, 280 செயற்கைக்கோள்களுக்கு காங்ஸ்பெர்க் நானோஏவியானிக்ஸுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. சுழல் ஏவல் மீண்டும் விற்பனைக்கு வந்தால், விலைப்பட்டியலுக்கு முன் மூன்று பதிவுகளைக் கேளுங்கள்: முழு எடையில், முழு வேகத்தில் விடுவித்தபின் பேரிங்கின் அதிர்வு அளவு, எரிபொருள் நிரப்பிய தொட்டியை ஒரு மணி நேரம் சுழற்றியதன் முடிவு, அந்தச் சுழற்சிக்குப் பிறகு எஞ்சின் பற்றியெரிந்ததற்கான சான்று.